ஒன்றென்பதும் வேறென்பதும்: ஐரோப்பியத் தொடக்ககால அச்சு நூல்களின் கூட்டுப் பட்டியல் எழுப்பும் வினா

இரண்டு பொருள்களை ஒன்றென்று சொல்வதற்கு எத்தகைய ஒப்புமை போதும் என்பதும், அவ்வாறு சொல்லப்பட்ட பின்னும் அவற்றுக்கிடையே எஞ்சி நிற்கும் வேற்றுமைக்கு என்ன மதிப்பு என்பதும் தத்துவத்தின் மிகப் பழைய வினாக்கள். 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் கையால் இயக்கும் அச்சுப்பொறியில் உருவான நூல்களுக்குப் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து பொதுவானதோர் அட்டவணையைக் கட்ட முனைந்தபோது, தருக்க நூல்களிலும் இறையியல் கூடங்களிலும் பேசப்பட்டு வந்த இவ்வினாக்கள் நூலக மேசைக்கு வந்து சேர்ந்தன. கூட்டுப் பட்டியல் என்பது, வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடக்கும் படிகளை ஒரே இடத்தில் தேடிக் காணும்படி, ஒவ்வொரு நூலையும் அது எங்கெங்கு உள்ளது என்னும் செய்தியோடு சேர்த்துப் பதிந்து வைப்பதாகும். மியூனிக்கில் உள்ள இந்தப் படியும் பாரிசில் உள்ள அந்தப் படியும் ஒரே நூல்தானா என்னும் தீர்ப்பை, அதைத் தொகுப்பவர் பதிவுக்குப் பதிவு வழங்கியாக வேண்டும். எழுத்தர் வேலையாகத் தோன்றும் இத்தீர்ப்புக்குள் சமயத்தின் வரலாறும் அறத்தின் கடமையும் ஒளிந்திருக்கின்றன.

அச்சு என்றவுடன் ஒரே மாதிரியான படிகள் என்னும் எண்ணமே இன்றைய வாசகருக்குத் தோன்றும். ஆனால் கையச்சுக் காலத்து நூல் அவ்வாறு பிறக்கவில்லை. மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1454–55 வாக்கில் அச்சிட்டு முடித்த லத்தீன் விவிலியம் ஏறத்தாழ 180 படிகள் அச்சிடப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. அதை '42 வரி விவிலியம்' என்று அழைப்பது மரபாயினும், அதன் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் 40 வரிகளே உள்ளன; வேலை நடந்துகொண்டிருக்கும்போதே படிகளின் எண்ணிக்கையை உயர்த்த முடிவெடுத்ததால், முன்பு அச்சிட்டு முடித்த அப்பக்கங்களுக்கு மறுபடியும் எழுத்துக் கோத்து அச்சிட வேண்டியதாயிற்று. ஆகவே ஒரே பதிப்பைச் சேர்ந்த இரண்டு படிகளின் முதல் பக்கங்கள் வேறு வேறு எழுத்துக் கோப்பிலிருந்து வந்தவையாக இருக்கலாம். சில படிகள் தாளிலும் சில தோலிலும் அச்சாயின. தலைப்பெழுத்துகளை வண்ண மையால் கையால் வரைந்தவர்களும் அட்டை கட்டியவர்களும் படிக்குப் படி வேறானவர்கள்.

பின்வந்த நூற்றாண்டுகளிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்டால் பொறியை நிறுத்தி, எழுத்தை மாற்றி, மீண்டும் ஓட்டுவது வழக்கம். தாள் விலை மிகுதியாதலால், பிழையோடு அச்சான தாள்களையும் வீசி எறிய மாட்டார்கள். திருத்திய தாள்களும் திருத்தாத தாள்களும் கலந்தே பைண்டருக்குச் சென்றன. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் சார்ல்டன் ஹின்மன் என்னும் ஆய்வாளர் 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் பல படிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, திருத்தமும் பிழையும் படிக்குப் படி வேறு வேறு விதமாகக் கலந்திருப்பதைக் காட்டினார். இத்தகைய வேறுபாடுகளைக் கருதி நூலியலார் நான்கு அடுக்குகளைப் பிரித்துப் பேசக் கற்றுக்கொண்டனர்: ஒரே எழுத்துக் கோப்பிலிருந்து பெரும்பாலும் அச்சானவை அனைத்தும் சேர்ந்து ஒரு பதிப்பு, அதே தாள்களைப் புதிய முகப்புப் பக்கத்தோடு தனியே விற்றால் அது ஒரு வெளியீடு, அச்சோட்டத்தின் நடுவே செய்த திருத்தங்களால் விளையும் வேறுபாடு ஒரு நிலை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அந்த ஒரு பொருள் மட்டுமே படி. இரண்டு படிகள் ஒரே எழுத்துக் கோப்பிலிருந்து வந்தவையா என்று சோதிக்க, குறிப்பிட்ட நான்கு பக்கங்களின் குறிப்பிட்ட வரிகளிலிருந்து நான்கு நான்காக 16 எழுத்துகளை எடுத்து எழுதும் 'கைரேகை' முறையையும் வகுத்தனர். சொற்கள் முழுவதும் ஒன்றாக இருந்தாலும், மறுபடியும் எழுத்துக் கோக்கும்போது வரியின் முறிவு ஏதேனும் ஓரிடத்தில் மாறிவிடும் என்னும் நம்பிக்கையே அம்முறையின் அடிப்படை.

இந்த நான்கு அடுக்குகளுக்கும் பின்னால் நிற்பது, பொதுவும் சிறப்பும் பற்றிய இடைக்கால இறையியல் விவாதம். சாக்ரடீசும் பிளேட்டோவும் மனிதத் தன்மையால் ஒன்றாயிருக்க, இவர் சாக்ரடீஸ், அவர் பிளேட்டோ என்று பிரிப்பது எது என்னும் கேள்விக்கு, 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பருப்பொருளே பிரிக்கிறது என்றார்; வடிவம் ஒன்று, அது வந்து அமரும் பொருள் வேறு, ஆகவே ஆட்கள் வேறு. அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் இதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் அதுவாகவே ஆக்கும் 'இதுவாம் தன்மை' ஒன்று உண்டென்றும், அது குறைபாடோ பருப்பொருளின் சுமையோ ஆகாது, அப்பொருளின் நிறைவே அது என்றும் அவர் வாதிட்டார். கடவுள் மனித இனத்தைப் பொதுவாக மட்டும் படைத்தாரா, ஒவ்வோர் ஆளையும் அவ்வாளாகவே விரும்பிப் படைத்தாரா என்னும் கேள்வி இதற்குள் இருக்கிறது. தனியொன்று தன் தனிமையிலேயே மதிப்புடையது என்று கொள்பவருக்கும், வகையின் ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே மதிப்புடையது என்று கொள்பவருக்கும் உலகம் ஒரே விதமாகத் தோன்றாது. நூலகமும் ஒரே விதமாகத் தோன்றாது.

இவ்விவாதத்தை நூலகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தத் தகுந்தவர் லைப்னிட்ஸ். எண்ணிக்கையால் மட்டும் வேறாகி மற்றெல்லாவற்றிலும் முற்றும் ஒத்த இரு பொருள்கள் உலகில் இருக்க முடியாது என்பது அவருடைய கொள்கை. ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் முற்றும் ஒத்த இரண்டு இலைகளைத் தேடி ஒருவர் தோற்றுப் போன செய்தியை, கிளார்க் என்பவரோடு வாழ்வின் இறுதியில் நடத்திய கடித விவாதத்தில் அவர் சான்றாகக் காட்டினார். அதே லைப்னிட்ஸ் தொழிலால் நூலகர்: ஹனோவர் அரசவை நூலகத்தை 1676 முதலும், வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தை 1691 முதலும் இறக்கும்வரை நடத்தியவர், வோல்ஃபன்பியூட்டலில் ஆசிரியர் பெயரை அகர வரிசையில் அடுக்கிய பட்டியல் அவருடைய மேற்பார்வையில் உருவாயிற்று. கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையாரையும் மீண்டும் ஒன்று சேர்க்க பொசுவே ஆயரோடு நெடுங்காலம் கடிதம் எழுதியவரும் அவரே. வேற்றுமையை அழிக்காமல் ஒற்றுமையைக் காண்பது அவருக்குத் தத்துவத்திலும் திருச்சபையிலும் நூலகத்திலும் ஒரே பணியின் மூன்று முகங்களாக இருந்தது என்று கொள்வது மிகையாகாது.

எனினும் பட்டியல் என்னும் வடிவத்தை நல்லதென்று எடுத்த எடுப்பில் புகழ்ந்துவிட முடியாது. 1545-இல் சூரிச் நகரில் கொன்ராட் கெஸ்னர் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளிலும் அறியப்பட்ட நூல்களையெல்லாம் தொகுத்து வெளியிட்ட 'பிப்லியோதெக்கா யூனிவர்சாலிஸ்', எந்நூலையும் இகழ்ந்து விலக்காமல், தேர்வையும் தீர்ப்பையும் படிப்பவரிடமே விட்டுவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1559-இல், போப் நான்காம் பவுல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் எல்லா நூல்களும் விலக்கப்பட்ட ஆசிரியர்களின் வரிசையில் கெஸ்னரின் பெயரும் சேர்ந்தது. அப்பட்டியலைத் தொகுத்தவர்களே கெஸ்னரின் நூலிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டார்கள் என்பதை அறியும்போது மனம் கனக்கிறது. அகர வரிசை, ஆசிரியர் பெயர், நூற்பெயர் என்று இரண்டும் ஒரே உறுப்புகளால் ஆனவை. ஒன்று தேடிப் படிக்கச் சொன்னது, மற்றொன்று தேடி எரிக்கச் சொன்னது.

போப் எட்டாம் கிளமெண்ட் 1596-இல் புதிய தடைப்பட்டியலை வெளியிட்ட பின், இத்தாலியத் துறவு மடங்கள் தம்மிடமுள்ள நூல்களை ஆசிரியர், தலைப்பு, அச்சான ஊர், அச்சர், ஆண்டு என்னும் விவரங்களோடு எழுதி ரோமுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணை பிறந்தது. தடைசெய்த நூல் எதுவும் தங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். அப்போது வந்து குவிந்த பட்டியல்கள் இன்று வாத்திக்கன் நூலகத்தில் 61 கையெழுத்துத் தொகுதிகளாக உள்ளன. இத்தாலிய ஆய்வாளர்கள் அவற்றைத் தரவுத்தளமாக மாற்றியபோது, உலகில் ஒரு படிகூட எஞ்சாத பதிப்புகளின் சுவடு அவற்றில் கிடைத்தது. ஒடுக்குவதற்காக எழுதப்பட்டது நினைவின் களஞ்சியமாகிவிட்டது. இதன் எதிர்முகமும் வரலாற்றில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தின் முதல் நூலகரான தாமஸ் ஜேம்ஸ், ரோமின் தடைப்பட்டியல்களைத் திரட்டி 1627-இல் தம் நூலகத்தின் பயனுக்கென அச்சிட்டார். ரோம் எதை ஒழிக்க விரும்பியதோ அதைத் தேடி வாங்குவதற்கு அது வழிகாட்டியாயிற்று. ஆக, ஒரு பட்டியலின் அறத்தை அதன் வடிவம் தீர்மானிப்பதில்லை. யாருக்காக அது திறந்து வைக்கப்படுகிறது, பதியப்பட்ட பொருளுக்குப் பதிவின் பின் என்ன நேரிடுகிறது என்பவையே தீர்மானிக்கின்றன.

இவ்வாராய்ச்சியின் எல்லா இழைகளும் ஒரே நூலில் வந்து கூடுமென்றால், அந்நூல் மிக்கேல் செர்வேட்டசின் 'கிறிஸ்தியானிஸ்மி ரெஸ்தித்தூசியோ'. திரித்துவக் கோட்பாட்டையும் குழந்தைத் திருமுழுக்கையும் மறுத்த இந்நூல், 1553-இன் தொடக்கத்தில் பிரான்சின் வியென் நகரில் மறைவாக அச்சிடப்பட்டது. முகப்பில் ஊரும் இல்லை, அச்சர் பெயரும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. நூலின் இறுதியில் மூன்று முதலெழுத்துகளும் ஆண்டும் மட்டுமே. ஜெனிவாவின் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வினுக்குச் செர்வேட்டஸ் முன்பு எழுதியிருந்த கடிதங்களும் தாள்களும் ஜெனிவாவிலிருந்து கத்தோலிக்க விசாரணையாளரின் கைக்குச் சென்று, அவரே ஆசிரியர் என்பதற்குச் சான்றாயின. அவர் சிறையிலிருந்து தப்பிவிட, வியென் நகரில் அவருடைய உருவப் படத்தோடு நூற்கட்டுகளும் எரிக்கப்பட்டன; ஆகஸ்டில் ஜெனிவாவில் பிடிபட்டவரை, சீர்திருத்தச் சபையினரின் நகராட்சி 27 அக்டோபர் 1553 அன்று உயிரோடு எரித்தது. ஒன்றையொன்று பதிதர் கூட்டமென்று பழித்துக்கொண்ட இரு சபைகள் ஒரே மனிதரையும் ஒரே நூலையும் அழிப்பதில் ஒன்றுபட்ட கொடுமை அது.

நூற்றுக்கணக்கில் அச்சான அந்நூலில் மூன்று படிகளே எஞ்சின. பாரிசில் உள்ள படி, செர்வேட்டசுக்கு எதிரான வழக்கில் கால்வின் தரப்பில் நின்ற ஜெர்மேன் கொலாதோன் என்னும் வழக்கறிஞரின் பெயரைத் தாங்கியது. குற்றம் சாட்டியவர் தண்டனைக்குரிய இடங்களைத் தேடிப் படித்த படி அதுவாகக் கருதப்படுகிறது. எடின்பரோவில் உள்ள படியில் முகப்பும் முதல் 16 பக்கங்களும் இல்லை. அவ்விடத்தில் கையால் எழுதிய தாள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அது கால்வினிடம் இருந்த படியாகலாம் என்று கருதியோரும் உண்டு. வியன்னாவில் உள்ள மூன்றாம் படி, திரித்துவத்தை மறுப்போரின் சபை சட்டத்தின் பாதுகாப்போடு வாழ்ந்த திரான்சில்வேனியா வழியாக ஹாப்ஸ்பர்க் பேரரசரின் நூலகத்தை அடைந்தது. பதிப்பு என்னும் அடுக்கில் நின்று பார்த்தால் இம்மூன்றும் பட்டியலில் ஒரே வரி. சொற்கள் ஒன்று, பக்கங்கள் ஒன்று. படி என்னும் அடுக்கில் நின்று பார்த்தால் ஒன்று குற்றம் சாட்டியவரின் கருவி, ஒன்று சிதைவுற்ற உடல், ஒன்று அடைக்கலம் பெற்ற சமயத்தாரின் செல்வம். ஸ்கோட்டசின் 'இதுவாம் தன்மை' எதைக் குறித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

வேறொரு சிக்கலும் இந்நூலைத் தொடர்கிறது. 1790-இல் நியூரம்பர்கில் அறிஞர் முர் என்பவரின் முயற்சியால் வியன்னாப் படியைப் பார்த்துப் பக்கத்துக்குப் பக்கம் ஒத்த மறுபதிப்பு வெளிவந்தது. அதன் முகப்பு 1553 என்றே காட்டும். உண்மையான ஆண்டு கடைசிப் பக்கத்தின் அடியில் மிகச் சிறிய இலக்கங்களில் ஒதுங்கி நிற்கும். பல நூலகங்களின் பதிவுகளை ஒன்றாகத் திரட்டும் கணினி, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அவ்வாறு ஆக்கினால், எரியூட்டலுக்குத் தப்பிய மூன்று படிகளோடு, ஆபத்து நீங்கிய காலத்தில் அச்சான படிகள் கலந்து, அந்த அழிப்பின் அளவே பட்டியலிலிருந்து மறைந்துபோகும். அச்சான ஊரை லத்தீனில் எழுதினால் பிரான்சின் வியெனும் ஆஸ்திரியாவின் வியன்னாவும் ஒரே எழுத்துக் கூட்டலில் நிற்கும் என்பதால், கவனமின்றிச் செய்த பதிவு அச்சான இடத்தையும் அடைக்கலமான இடத்தையும் குழப்பிவிடவும் கூடும்.

பெயரற்ற நூலுக்குப் பட்டியலாளர் ஆசிரியரைக் கண்டுபிடித்துச் சதுர அடைப்புக்குள் எழுதுகிறார். விசாரணையாளர் செய்த வேலையும் அதுதானே என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிக் கழிக்கலாகாது. செர்வேட்டஸ் எரிக்கப்பட்டதைக் கண்டித்து, சமயக் கருத்துக்காக ஒருவரைக் கொல்லலாமா என்னும் கேள்வியை எழுப்பிய நூல் 1554-இல் வந்தது. மார்ட்டினஸ் பெல்லியஸ் என்னும் பெயர், மாக்டபர்க் என்னும் ஊர், கியோர்க் ரவுஷ் என்னும் அச்சர் ஆகிய மூன்றும் புனைவு. எழுதியவர்களுள் முதன்மையானவர் செபாஸ்டியன் காஸ்டெல்லியோ. அச்சான இடம் பாசலில் ஓப்போரினசின் அச்சகம். இன்றைய பட்டியல் புனைந்த பெயர்களை உள்ளபடியே எடுத்து எழுதி, உண்மையை அடைப்புக்குள் தனியே வைக்கிறது. அந்த ஒழுங்கில் மரியாதை ஒன்று இருக்கிறது: அஞ்சி ஒளிந்தவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரும் வரலாற்றின் உண்மையே ஆதலால் அதை அழிப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை, ஆபத்து ஓய்ந்த பின், துணிந்து எழுதியவருக்கு உரிய சிறப்பைத் தராமல் விடுவதும் நீதியாகாது. விசாரணையாளர் பெயரைத் திறந்தது ஆளை மூடுவதற்காக. பட்டியலாளர் திறப்பது ஆளை மீட்பதற்காக. கால்வின் தம் செயலை நியாயப்படுத்தி 1554-இல் எழுதிய நூலும் காஸ்டெல்லியோவின் நூலும் இன்று ஒரே பட்டியலில், ஒரே அளவு விவரத்தோடு, ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்காதபடி நிற்கின்றன. இது உண்மை எதுவென்று தெரியாத அலட்சியத்தால் வந்த நடுநிலை என்று கொள்ள வேண்டியதில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டிய இடமும் சொல்லக் கூடாத இடமும் எவையென்று அறிந்ததால் வந்தது.

தனிப்படியின் மதிப்பை மறந்ததால் விளைந்த இழப்புக்கு 18, 19-ஆம் நூற்றாண்டுகள் சான்று. 1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் உடைமைகளை நாட்டுடைமையாக்கியபோது, மடங்களின் நூல்கள் மாவட்டக் கிடங்குகளில் மலைபோல் குவிந்தன. நாடெங்கும் ஒரே முறையில் அவற்றைப் பதிய 1791-இல் வெளியான அறிவுறுத்தல், சீட்டாட்டச் சீட்டுகளின் வெறுமையான பின்புறத்தில் எழுதச் சொன்னது. அக்காலச் சீட்டுகளின் பின்புறத்தில் படம் இராது. ஒரு நாட்டின் நூல்கள் முழுவதற்குமான கூட்டுப் பட்டியலை அரசு நினைத்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. பவேரியாவில் 1803-இல் மடங்கள் கலைக்கப்பட்டபோது, அரசின் குழுவினர் மடம் மடமாகச் சென்று மியூனிக் அரசவை நூலகத்துக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்தனர். 1500-க்குள் அச்சான நூல்களில் உலகின் மிகப் பெரிய திரட்டு, ஏறத்தாழ 20,000 படிகள், இன்று அங்கே இருப்பதற்கு அதுவே பெருங்காரணம். ஆனால் ஏற்கெனவே ஒரு படி இருந்தால் அடுத்த படி 'இரட்டை' எனப்பட்டு விற்பனைக்குச் சென்றது. மதிப்பற்றதெனத் தள்ளப்பட்டவை காகித ஆலைக்கும் சென்றன. ஒரு மடத்தில் முந்நூறு ஆண்டுகளாகத் துறவியர் ஓரங்களில் எழுதிய குறிப்புகளும், செபவேளையில் கை பட்டுத் தேய்ந்த பக்கங்களும், யாருக்காக மன்றாடும்படி அந்நூல் கொடையாக வந்தது என்னும் குறிப்பும் பதிப்புக்கு வெளியே இருந்ததால் கணக்கில் சேரவில்லை. தேர்ந்தெடுத்த அக்குழுவினர் தீயவர்கள் அல்லர். நூலென்றால் அதன் சொற்கள் மட்டுமே என்னும் கொள்கை அவர்கள் கையை வழிநடத்தியது.

மியூனிக்கில் சேர்ந்த அச்செல்வத்தை அடிப்படையாகக் கொண்டே லுட்விக் ஹைன் என்பவர் 1500-ஆம் ஆண்டு முடிய அச்சான நூல்களை, நூலகத்தார் 'இன்குனாபுலா' என்று வழங்குவனவற்றை, 16,000-க்கும் மேற்பட்ட எண்களில் தொகுத்தார். அவருடைய தொகுப்பு 1826 முதல் 1838 வரை வெளிவந்தது. அச்சர் பெயர் இல்லாத நூல்களை எழுத்தச்சின் வடிவத்தைக் கொண்டே இனம் காணும் கலையைப் பிரிட்டிஷ் மியூசியத்தின் ராபர்ட் பிராக்டரும் ஜெர்மனியின் கொன்ராட் ஹேப்ளரும் வளர்த்தனர். 1904-இல் அமைந்த குழு, அக்கால நூல்கள் அனைத்துக்குமான முழுப் பட்டியலைத் தொடங்கியது. முதல் தொகுதி 1925-இல் வந்தது. போர் அதை நிறுத்தியது. பணி இன்னும் பெர்லினில் தொடர்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 1980-இல் தொடங்கிய பன்னாட்டுக் குறுந்தலைப்புப் பட்டியல் ஏறத்தாழ 30,000 பதிப்புகளைக் கணினியில் கொண்டுவந்தது. அவற்றுள் சுமார் கால் பங்கு ஒரே ஒரு படியில் மட்டுமே எஞ்சியுள்ளன என்பதை எண்ணினால், ஒரு படிகூட எஞ்சாமல் போனவை எத்தனை என்னும் ஏக்கம் எழும். ஜெர்மன் மொழிப் பரப்பின் 16-ஆம் நூற்றாண்டு நூல்களுக்கான பட்டியல் ஒற்றைத்தாள் அச்சுகளைத் தன் எல்லைக்குள் சேர்க்கவில்லை; பாவமன்னிப்புச் சீட்டுகளும் ஆணைகளும் வழிபாட்டு அறிவிப்புகளும் சாதாரண மக்களின் சமயத்தை நேராகத் தொட்டவை ஆதலால், அந்த எல்லை முறையியல் வசதி எனினும் சமய வரலாற்றுக்கு இழப்பே.

ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பு 1990-களின் தொடக்கத்தில் உருவாகி, கையச்சுக் காலம் முழுவதற்குமான பொதுத் தரவுத்தளத்தைக் கட்டத் தொடங்கியபோது, நாட்டுக்கு நாடு வேறான பதிவு முறைகள் குறுக்கே நின்றன. ஒருவர் தலைப்பை முழுதும் எடுத்து எழுதுவார், ஒருவர் சுருக்குவார். ஃபுளோரன்சில் ஆண்டு மார்ச் 25-இல் பிறக்கும், வெனிசில் மார்ச் 1-இல் பிறக்கும். ஆதலால் நூலில் உள்ள ஆண்டு இன்றைய கணக்கில் அடுத்த ஆண்டாகலாம். ஐயமின்றி ஒன்றென்று தெரியாதவற்றை வலிந்து இணைப்பதைவிட, நூலகங்கள் தந்த பதிவுகளை அருகருகே வைப்பதே மேல் என்னும் போக்கைக் கூட்டமைப்பு பெரிதும் பின்பற்றியது. தேடுபவருக்கு இது அலுப்பூட்டும். ஒரே நூல் போன்ற பதிவுகள் வரிசையாக வந்து நிற்கும். ஆயினும் அவசரப்பட்டு ஒன்றாக்கியதைப் பின்னர் பிரிப்பது, பிரிந்திருப்பதைப் பின்னர் ஒன்றாக்குவதைவிடப் பன்மடங்கு கடினம். இரு சாட்சிகளில் ஒருவரை நீக்கிவிட்டால் முரண்பாடும் அதோடு நீங்கிவிடும், உண்மையும் நீங்கிவிடும்.

பெயர்களிலும் இதே நெறி தேவைப்பட்டது. லத்தீனில் லுக்துனும் என்றால் லியோன். அதோடு பத்தாவோரும் என்று சேர்ந்தால் ஹாலந்தின் லைடன். ஓர் ஊருக்கும் அச்சருக்கும் ஆசிரியருக்கும் உரிய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே கோப்பில் கட்டி, எதைத் தேடினாலும் மற்றவையும் வரும்படி கூட்டமைப்பு பெயர்க் களஞ்சியம் ஒன்றை அமைத்தது. ஒரு மொழியின் வடிவமே மூலம், ஏனையவை திரிபு என்று தாழ்த்தாத அமைப்பு அது. தமிழுக்கும் இதில் நேரான பங்குண்டு. 1554-இல் லிஸ்பனில் அச்சான கிறிஸ்தவ மறைச்சிறுநூல் போர்த்துக்கீசிய மொழியோடு தமிழையும் ரோமன் எழுத்தில் தாங்கி வந்தது; அதை ஆக்கியோராக விசெந்தே தெ நசரே, ஜோர்ஜே கார்வால்யோ, தோமே த குரூஸ் என்னும், லிஸ்பனில் வாழ்ந்த தமிழர் மூவரின் திருமுழுக்குப் பெயர்கள் அறியப்படுகின்றன. அச்சான இடத்தால் அது ஐரோப்பிய நூல். அன்றிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அறியப்பட்ட ஒரே படி ஹார்வர்டில் இருக்கிறது. சமயம் ஒன்று, நோக்கம் ஒன்று, மொழி ஒன்று. ஒன்று எல்லைக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் நிற்குமானால், 'ஐரோப்பிய' என்னும் சொல்லால் ஊரைக் குறிக்கிறோமா, தொழிலைக் குறிக்கிறோமா, சமயப் பணியைக் குறிக்கிறோமா என்பதைப் பட்டியலாளர் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

படியைப் பதிப்புக்குள் கரைத்துவிடாமல் காக்கும் முயற்சிகளுள் மிகச் சிறந்தது, கிறிஸ்தினா தோந்தியின் தலைமையில் 2009 முதல் வளர்ந்து வரும் இன்குனாபுலாப் பொருட்சான்றுத் தரவுத்தளம். ஒரு பதிப்பின் ஒவ்வொரு படிக்கும் தனிப் பதிவு இட்டு, யாரிடம் எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருந்தது, எவ்விலைக்கு வாங்கப்பட்டது, யார் ஓரத்தில் எழுதினார், யார் மை பூசி மறைத்தார் என்பவற்றையெல்லாம் அது அடுக்கிக் காட்டுகிறது. வெனிசில் 1520-களில் நிறைவு பெற்ற, பொம்பெர்க் என்னும் அச்சரின் தல்மூத் போன்ற யூத நூல்களுக்கு இத்தகைய பதிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதை, 1553-இல் ரோம் நகரின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூத் எரிக்கப்பட்ட வரலாறு அறிந்தவர் உணர்வர். தப்பிய எபிரேய நூல்கள் பலவற்றில், கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதர்களே தணிக்கையாளராக அமர்ந்து வரிகளை மையால் மறைத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து பதிப்புக்கு உரியதன்று. அந்தப் படிக்கு மட்டுமே உரியது.

இப்பதிவுகள் ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படுபவை என்று கருதுவோர், 1946-இல் ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் நடந்ததை அறிந்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். நாசிகள் கொள்ளையடித்த பல லட்சம் நூல்களை அமெரிக்க ராணுவம் அங்கே ஒரு கட்டடத்தில் சேர்த்து வைத்து உரியவருக்குத் திருப்பத் தொடங்கியது. எபிரேயம் படிக்கத் தெரியாத பணியாளர்களும் நூல்களைப் பிரிப்பதற்கு வசதியாக, நூல்களில் இருந்த நூலக முத்திரைகளையும் உடைமைச் சீட்டுகளையும் ஒளிப்படமெடுத்து, முத்திரைக்கு முத்திரை பார்த்து அடுக்கும் முறையை அங்கே வகுத்தார்கள். நூலின் சொற்கள் அந்த வேலைக்கு எவ்விதத்திலும் உதவவில்லை. ஒரே பதிப்பின் இரண்டு படிகளில் ஒன்று வில்னாவுக்கும் மற்றொன்று ஃபிராங்ஃபர்ட்டுக்கும் உரியவை என்று சொன்னவை, முன்னாளில் 'இரட்டை' என்று விற்றவர்கள் பொருட்படுத்தாத அந்தச் சிறு அடையாளங்களே. அதே காலத்தில் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், ஐரோப்பிய யூதப் பண்பாட்டு மறுசீரமைப்புக்கான ஆணையத்தின் ஆய்வுத் துறையை நடத்தி, எந்த ஊரில் எந்த யூத நூலகம் எத்தகைய செல்வத்தோடு இருந்தது என்பதற்கான நாடுவாரிப் பட்டியலைத் தொகுத்தார். அது 1946-இல் அச்சில் வந்தது. திருப்பிக் கொடுக்க உரிமையாளரோ வாரிசோ சமூகமோ எஞ்சாத நூல்கள் பின்னர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் உள்ள நூலகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, எவ்வழியாக அங்கு வந்தன என்பதைச் சொல்லும் சீட்டு அவற்றில் ஒட்டப்பட்டது. அந்நூல்களை இன்று பதிகின்ற நூலகம் அச்சீட்டையும் அதற்கு முந்திய முத்திரையையும் விட்டுவிட்டுத் தலைப்பையும் ஆண்டையும் மட்டும் கூட்டுப் பட்டியலுக்கு அனுப்புமானால், அப்பதிவில் பிழை ஏதும் இராது. ஆயினும் அந்த நூலைத் தம் பெயரெழுதி வைத்திருந்தவர்களைப் பொறுத்தவரை அது நிறைவு பெற்ற பதிவாகாது.